நேராக நடக்கப் பதினாறு படம் போதும்

எங்கள் கடைக்கு வருகிறவர்களில், இருக்கிற முகத்தை இருக்கிறபடியே போட்டுக் கொடு என்று கேட்டவர் இருபது வருஷத்தில் ஒருத்தர்கூட இல்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எல்லா பேனரும் அடிக்கிறோம். வந்து நின்றதும் முதல் வார்த்தையே கொஞ்சம் செவப்பாக்கிடுங்கணா என்பதுதான். பல் எடுப்பாக இருந்தால் உள்ளே தள்ள வேண்டும். ஆயுசு முழுக்கக் கோவணத்தோடு சேற்றில் நின்ற மனுஷன் செத்துப்போனால், அவருக்குக் கோட்டு மாட்டி, பின்னால் மேகம் வைத்து, இரண்டு புறாவைப் பறக்கவிட வேண்டும். இதற்கு எங்கள் தொழிலில் டச்சப் என்று பெயர். என் கடையில் அந்த வேலைக்கு இருக்கிற ஒரே ஆள் செவ்வந்தி. பத்து வருஷமாக இருக்கிறாள். முதலாளி என்று பெயர்தான் எனக்கு, கம்ப்யூட்டரில் ஒரு மண்ணும் தெரியாது.

என் பெயர் தெய்வசிகாமணி. ஐம்பத்தாறு வயது, சர்க்கரை, முதுகுவலி. பிறத்தியாரைப் பற்றி எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அந்தப் பெண் மூன்று வருஷம் என் கடையில் உட்கார்ந்து ஒரு கார்ட்டூன் படம் எடுத்த கதையை யாராவது சொல்லியாக வேண்டும். அவள் சொல்ல மாட்டாள். கேட்டால், விடுங்கணா, முடிஞ்சிபோச்சு என்பாள். அந்தப் படம் சென்னையில் நடந்த குறும்பட விழாவுக்குப் போனது, தேர்வாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிசு வாங்கிய கதை என்று நினைத்துப் படித்துவிட்டுக் கடைசியில் என்னைத் திட்ட வேண்டாம்.

நைனார்பாளையத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி அவள் ஊர். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்பா அவள் மூன்றாவது படிக்கும்போதே போய்விட்டார். அம்மா பச்சையம்மாள் கரும்பு வெட்டியும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியும் அவளைக் காலேஜ் வரை படிக்க வைத்தாள். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தடவை கரும்பு ஏற்றிய டிராக்டரின் மேலிருந்து விழுந்து அம்மாவுக்கு வலது தொடை முறிந்தது. நாட்டு வைத்தியர் ஒருவர் கட்டுப் போட்டார், எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அன்றிலிருந்து ஒரு கால் குட்டை. வலது காலை ஊன்றும்போது இடுப்பு ஒரு பக்கம் இறங்கும், கை தானாக வெளியே வீசும். எங்கள் பக்கத்தில் தூரத்து வரப்பில் வருகிற ஆளை நடையை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவோம். பச்சையம்மாளை அரைக் கிலோமீட்டரிலேயே சொல்லிவிடலாம்.

செவ்வந்திக்கு இப்போது முப்பத்தொரு வயது. கல்யாணப் பேச்சு வந்து வந்து நின்றுபோனது. காலையில் முதல் பஸ் பிடித்து ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். கடைச் சாவி அவளிடம்தான். ஒன்பதரைக்குத்தானே கடை, இவள் ஏன் இத்தனை சீக்கிரம் வருகிறாள் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒருநாள் சர்க்கரை மாத்திரையைக் கடையில் மறந்து வைத்துவிட்டு, அதை எடுக்க ஏழரைக்கு வந்தேன். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. உள்ளே, தரையில் பல் டாக்டர் போர்டு எரிந்துகொண்டிருந்தது.

அது உள்ளே விளக்கு வைத்த போர்டு. ஒரு பல் டாக்டருக்குச் செய்து கொடுத்து, அதில் இருக்கிற பல்லைப் பார்த்தால் வருகிற ஆளும் ஓடிப்போவான் என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் போர்டைத் தரையில் படுக்கவைத்து, பல் வரிசைமேல் வெள்ளை பேப்பரை ஒட்டி, அந்த வெளிச்சத்தின்மேல் தாளுக்குமேல் தாள் வைத்து செவ்வந்தி படம் வரைந்துகொண்டிருந்தாள். தாள் நகராமல் இருக்க இரண்டு ஆணி. தாளெல்லாம் நாங்கள் தப்பாக அடித்து ஒதுக்கிய பிட் நோட்டீஸ். பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள் என்று கத்தினேன். அவள் வரைந்த தாளில் ஒரு கட்டு எடுத்து, சீட்டுக்கட்டைச் சரசரவென்று விடுவதுபோல விரலால் விட்டுக் காட்டினாள். தாளில் ஒரு பெண்பிள்ளை திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான், ஒரு திரும்பல். இன்னொரு தடவை விட்டுக் காட்டச் சொன்னேன். ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னாள். ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படம். நாலு நிமிஷப் படத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றையும் செல்போனில் படமெடுத்து, கடைக் கம்ப்யூட்டரில் கோர்க்க வேண்டும். எப்படிச் செய்வது என்பதைச் செல்போனில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாளாம். செலவு என்று பார்த்தால் பென்சிலும் ரப்பரும்தான் என்றாள். என் கடைக் கரண்ட் பில்லை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. மறுநாள் நான் பழைய மேஜை ஒன்றைக் கொண்டுவந்து போட்டேன், தரையில் உட்கார்ந்து முதுகு போனால் பேனர் வேலை நின்றுவிடும் என்ற சுயநலம்தான். வேறு எதுவும் இல்லை.

படத்தின் கதை சின்னது. பேச்சே கிடையாது. மழை நாள். ஒரு அம்மா, மகளுக்குக் குடை கொடுக்க வயல்வெளி வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறாள். பின்னால் கல்வராயன் மலை மழையில் மங்கலாகத் தெரிகிறது. அம்மா நொண்டி நொண்டி வருவதை மகள் தூரத்திலேயே பார்த்துவிடுகிறாள். கூட நிற்கிற பெண்கள் சிரிப்பார்களே என்று ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். அம்மா கேட்டில் நின்று இப்படியும் அப்படியும் தேடுகிறாள். காணவில்லை. குடையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, நனைந்துகொண்டே திரும்பிப் போகிறாள். படம் முடிந்தது.

இது நடந்த கதை என்பதை அவள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ஏழாவது படிக்கும்போது நடந்ததாம். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், ஒளிந்திருந்தது தெரிந்துவிட்டதோ என்று பயந்துகொண்டே இருந்திருக்கிறாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. தலையைத் துவட்டிவிட்டுச் சோறு போட்டாளாம். அம்மாவுக்குத் தெரியாது என்று நிம்மதியானது, அந்த நிம்மதிதான் இத்தனை வருஷமாக அரிக்கிறது என்றாள். வாயால் சொல்லி மன்னிப்புக் கேட்க வரவில்லை, அதனால் படமாக எடுக்கிறாளாம். வாயால் சொன்னால் ஒரு நிமிஷத்தில் முடிகிற காரியம். நான் அதையும் சொன்னேன். கேட்டால்தானே.

மூன்று வருஷம் அந்தப் பெண் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில் இரண்டு மணி நேரம் படம், அதற்கப்புறம் ராத்திரி எட்டு வரை என் பேனர். முகூர்த்த மாசம் வந்தால் வாரக்கணக்கில் ஒரு கோடு போட முடியாது. மழைக்காலத்தில் தாள் ஈரம் வாங்கிச் சுருண்டுகொள்ளும், போன மாதம் வரைந்த படத்தோடு இந்த மாதப் படம் ஒட்டாது, திரும்ப வரைவாள். கண்ணாடி பவர் இரண்டு முறை மாறியது. மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டுதான் வேலை செய்வாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மேஜையில் தலை சாய்த்தால் அப்படியே தூங்கிவிடுவாள். எழுப்ப எனக்கு மனசு வராது, கஸ்டமர் வந்து நிற்பான். யாருக்காகப் பரிதாபப்படுவது என்று தெரியாமல் நான் எரிச்சலில் இருப்பேன்.

அம்மா நடந்து வருகிற இடம்தான் பெரிய வேலை. ஒரு நிமிஷம் இருபத்தைந்து விநாடி, ஆயிரத்து இருபது படம். நான் அறிவாளி மாதிரி ஒரு யோசனை சொன்னேன். ஒரு எட்டுக்கான படத்தை வரைந்து அதையே திரும்பத் திரும்ப ஓட்டினால் போதாதா, எதற்கு ஆயிரம் என்று கேட்டேன். டி.வி. கார்ட்டூனில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன்.

"நேரா நடக்கிறவங்களுக்கு அப்படிப் போட்லாம்ணா. பதினாறு படம் இருந்தா போதும். காலு ஊனமா கீறவங்க ரெண்டு எட்டு ஒரே மாதிரி வெக்க மாட்டாங்க. எங்க கல்லு கீது, எங்க வழுக்கும்னு பாத்துப் பாத்துத்தான் வெப்பாங்க" என்றாள்.



படத்தில் என் பங்கும் ஒன்று உண்டு. வாட்ச்மேன் குடையை வாங்கும்போது ஒரு தடவை இருமுவான். அந்த இருமல் என்னுடையது. பதினோரு தடவை இருமவைத்தாள், அன்றெல்லாம் தொண்டை புண். மழைச் சத்தத்துக்கு வெள்ளிமலைக்குப் போனாள். இங்கே மழை பெய்தாலும் ஹாரன் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணைக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மலையில் ஒரு டீக்கடைத் தகரக் கூரைக்குக் கீழே பச்சையம்மாள்தான் செல்போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. கடைக்கு வேண்டும் என்று மட்டும் சொன்னாளாம்.

போன தை மாதம் படம் முடிந்தது. விழாவுக்கு அனுப்ப, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிதான் கடைசி. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பச்சையம்மாள் முட்டி வலிக்கு மாத்திரை வாங்கப் பெரியாஸ்பத்திரிக்கு வந்தாள். முடிந்ததும் கடைக்கு வரச்சொல்லி செவ்வந்தி சொல்லியிருந்தாள். அனுப்புவதற்கு முன்னால் அம்மா பார்க்க வேண்டும், அதுதானே படமே. காலையிலிருந்து அவளுக்குக் கை ஓடவில்லை. ஒரு மஞ்சள் நீராட்டு பேனரில் தாய்மாமன் பெயரை விட்டுவிட்டாள். அதற்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

நாற்காலி போட்டேன், பச்சையம்மாள் உட்காரவில்லை. மாத்திரை பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றபடியே பார்த்தாள். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். செவ்வந்தி அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவருக்குப் பின்னால் பெண் ஒளிகிற இடம் வந்தபோது அந்த முகத்தில் ஏதாவது தெரியும் என்று நானும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

இதை யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று பச்சையம்மாள் கேட்டாள். சென்னையில் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று செவ்வந்தி சொன்னாள். நம்ம ஊரில் பார்ப்பார்களா என்று கேட்டாள். பார்க்கலாம், செல்போனிலேயே வரும் என்றாள்.

"அப்ப காலை நேராக்கிடு" என்றாள் பச்சையம்மாள்.

செவ்வந்திக்குப் புரியவில்லையா, புரிந்தும் புரியாததுபோல நின்றாளா தெரியாது. அது முடியாதும்மா என்று மெல்லச் சொன்னாள். ஆயிரம் படம் வரைந்ததை, மூன்று வருஷத்தை எல்லாம் சொன்னாள். அவள் காலேஜில் படித்ததெல்லாம் அப்போது உதவவில்லை, வார்த்தை தடுமாறியது. பச்சையம்மாள் சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் பேனர்களைக் கையால் காட்டினாள்.

"ஊரு சனத்துக்கெல்லாம் கறுப்ப செவப்பாக்குற. செத்தவனுக்குக் கோட்டு மாட்டி வுடுற. பெத்தவளுக்கு ஒரு காலு நேராக்கக் கூடாதா?"

இருபது வருஷமாக நான் சோறு தின்கிற தொழிலே அதுதானே.

அவள் போன பிறகு செவ்வந்தி அழுதாள். எனக்கு அழுகையைப் பார்த்தால் கோபம்தான் வரும். அனுப்பித் தொலை, உங்கம்மாவுக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள், சென்னையில் பார்க்கிறவனுக்குப் பச்சையம்மாள் யார் என்று தெரியுமா என்று சத்தம் போட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்னைக்கும் தெரியாம பண்ணேன், இன்னைக்கும் தெரியாம பண்றதா என்று கேட்டாள். பெரிய நியாயவாதி. எக்கேடோ கெட்டுப் போ என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து செவ்வந்தி படத்தில் அம்மாவின் காலை நேராக்கினாள். பதினாறே படம். அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பின்னால் வயலையும் மலையையும் நகர்த்தினாள். மூன்று வருஷ வேலை இரண்டு நாளில் மாறிவிட்டது. நான் பார்த்தேன். அந்தப் பொம்பளை மழையில் ஜம்மென்று நடந்தாள், மாடலிங் பண்ணப் போகிறவள் மாதிரி. படம் செத்துப்போயிருந்தது. அதைச் சொல்ல நான் கலை படித்திருக்க வேண்டியதில்லை. செவ்வந்தி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. புதுப் படத்தை அம்மா செல்போனில் ஏத்திக் குடுக்கப்போறேன், அவங்களுக்குத் திருப்தின்னா திங்கட்கிழமை இதையே அனுப்பிடுறேன் என்றாள். அவள் குரலில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. களைப்புதான் இருந்தது.

திங்கட்கிழமை அவள் பேனர் வேலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் கடந்தும் அனுப்பவில்லை. மூன்றே முக்காலுக்கு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே ரோட்டில் ஒரு கை வீசி வீசி வருவதைப் பார்த்தேன். பச்சையம்மாள்தான். நூறு நாள் வேலையிலிருந்து நேராக பஸ் ஏறியிருக்கிறாள். புடவை ஓரமெல்லாம் ஏரி மண். இந்தத் தடவை அவளாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

"அனுப்பிட்டியா?"

இல்லை என்று செவ்வந்தி தலையாட்டினாள்.

"பழசையே அனுப்பு."

எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பச்சையம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். மத்தியானம் ஏரிக்கரையில் வேலமரத்து நிழலில் எல்லோரும் உட்கார்ந்தபோது செல்போனை எடுத்துக் காட்டியிருக்கிறாள். சாலம்மாள் என்று அவள் கூட்டாளி, வாய் கொஞ்சம் நீளம். யாருடி இவ, இப்படி நடக்கிறா என்று கேட்டாளாம். நான்தான் என்று இவள் சொல்ல, அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அதுகூடப் பரவாயில்லை என்றாள். அப்புறம்தான் அந்தச் சுவர் வந்தது.

"பெத்தவ கொட்ற மழையில கொடைய எடுத்துக்கினு வரா, இந்தக் கழுத போயி ஒளிஞ்சிக்கினு நிக்குது பாரு, இன்னா நெஞ்சழுத்தம்னு கேட்டா சாலம்மா. எல்லாவளும் ஆமான்றாளுங்க. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுபோச்சு. நான் நொண்டுனா அவளுங்க அத்த கேட்டிருக்க மாட்டாளுங்க. பன்னண்டு வயசுப் புள்ள, கூடப் படிக்கிறதுங்க சிரிக்குமேன்னு வெக்கப்பட்டுச்சுன்னு தானா புரிஞ்சிருக்கும். காலு நேரா இருந்தா தப்பு பூரா உன் தலையில வந்து வுழுது. என் காலு எப்பிடியோ இருந்துட்டுப் போவுது. பழசையே அனுப்பு."

செவ்வந்தி எழுந்து நின்றாள்.

"தப்பு என்னுதுதானேம்மா. அத்த சொல்லத்தான் படமே எடுத்தேன்."

"நீ சொல்லிக்க. சாலம்மா சொல்லக் கூடாது" என்றாள் பச்சையம்மாள்.

கடையில் கண்ணீர் அஞ்சலிக்கு ஆர்டர் கொடுக்க ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார். அவரை நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். என் கடை வரலாற்றில் அது முதல் தடவை. மணி நாலு. பழைய படம் அப்படியே கம்ப்யூட்டரில் இருந்தது, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. செவ்வந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்து அதைத் திறந்தாள். பச்சையம்மாள் பின்னாலிருந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டில் அம்மா நிற்கிற இடம் வந்ததும், அது தப்பு என்றாள்.

"எது?"

"இப்படியும் அப்படியும் தேடுறேனே, அது. நான் தேடவே இல்ல."

செவ்வந்தியின் கை நின்றது.

"வந்து நின்னதுமே பாத்துட்டேன். செவுத்துக்குப் பின்னால ஒன் பச்ச ரிப்பன் தெரிஞ்சுது. வராண்டாவுல நாலு பொண்ணுங்க நின்னுக்கினு இருந்துச்சுங்க. நான் கூப்பிட்டா நீ அதுங்க முன்னால வெளிய வரணும். அதான் வாட்ச்மேன் கையில கொடைய குடுத்துட்டு வந்துட்டேன்."

ஏதோ மார்க்கெட்டுக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். செவ்வந்தி அசையவே இல்லை. தெரியாது, தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்த பத்தொன்பது வருஷமும் அவள் முகத்தில் அப்படியே நின்றது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். தேடுகிற நாற்பத்தெட்டுப் படத்தையும் தூக்கிவிட்டாள். பென்சிலை எடுத்துக்கொண்டு பல் டாக்டர் போர்டின் ஸ்விட்சைப் போட்டாள்.

"எப்படிப் பாத்தம்மா? காட்டு."

இன்னா காட்றது என்று பச்சையம்மாள் வெட்கப்பட்டாள். பிறகு எழுந்து பிரின்டர் பக்கத்தில் போய் நின்றாள். கையில் எதுவும் இல்லாமல் நிற்க வரவில்லை போலிருக்கிறது, ஆணியில் தொங்கிய என் குடையை நான் எடுத்துக் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மகளை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். ஒரே தடவை. இருக்கிறாய், சரி, என்கிற மாதிரி ஒரு பார்வை. பார்க்காதவள்போல உடனே திரும்பிக்கொண்டாள். குடையை என்னிடம் நீட்டினாள். வாட்ச்மேன் நான்தானே. வாங்கிக்கொண்டேன். படத்தில் வருகிற மாதிரி இரும வேண்டும் என்று தோன்றியது, இருமாமல் குடையைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

இன்னொரு தடவை காட்டு என்று செவ்வந்தி கேட்கவில்லை. செல்போனில் எடுக்கவும் இல்லை. குனிந்து வரைய ஆரம்பித்தாள். இருபத்திரண்டு படம். கண்ணாடியில் தண்ணீர் சொட்டச் சொட்டத் துடைத்துக்கொண்டே வரைந்தாள், ஒரு தாளில் விழுந்து பென்சில் கலைந்துவிட்டது, அதை மட்டும் திரும்ப வரைந்தாள். நான் ஒவ்வொரு தாளாக வாங்கிச் செல்போனுக்குக் கீழே வைத்தேன். ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் படம் போய்ச் சேர்ந்தது என்று கம்ப்யூட்டரில் வந்தது.

பச்சையம்மாள் முட்டியை நீவிக்கொண்டிருந்தாள். செவ்வந்தி பேப்பரையெல்லாம் அடுக்கிக்கொண்டே, அம்மாவைப் பார்க்காமல் கேட்டாள்.

"அன்னிக்கு வூட்டுக்கு வந்தப்ப ஏம்மா கேக்கல?"

"கேட்டா நீ பொய் சொல்லணும்" என்றாள் பச்சையம்மாள். "எதுக்கு?"

பிறகு என் பக்கம் திரும்பி, நைனார்பாளையத்துக்கு ஆறே காலுக்கு இன்னும் பஸ் இருக்கிறதா மொதலாளி என்று கேட்டாள்.